36-ஆம் மணி நேரம்

மார்ச் 3, செவ்வாய்

நேற்றுக் காலை பத்து மணிக்கு அண்ணனுக்கு வலிப்பு வந்தது. கடைசியாகக் குடித்தது சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு. கணக்குப் போட்டால் 36 மணி நேரம்.

"இன்னையோட விட்டுடு அண்ணா, இனி ஒரு சொட்டுகூட வேண்டாம்" என்று சனிக்கிழமை அவன் கையைப் பிடித்துக் கேட்டவள் நான். பதினெட்டு வருடக் குடியை அந்த ஒரு சொல்லுக்காக நிறுத்தினான். ஞாயிறு முழுக்க வியர்த்துக் கொட்டியது. தண்ணீர் குடிக்கும்போது டம்ளர் பல்லில் தடதடவென்று இடித்தது. அப்போதும் "வைராக்கியமா இரு" என்றுதான் சொன்னேன்.

நான் மருந்தியல் ஆசிரியை. குடியைத் திடீரென நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம் என்று வருடாவருடம் வகுப்பில் சொல்கிறேன். வீட்டில் அது என் நினைவுக்கே வரவில்லை. எங்கோ ஒரு வீட்டில் இன்றும் யாரோ ஒருவர் பாசத்தோடு இதையே சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

மார்ச் 4, புதன்

ராத்திரி முழுக்க அண்ணன் தூங்கவில்லை. போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கீழே போட்டபடி இருந்தான். அங்கே எதுவும் இல்லை. என்னை யாரென்றே தெரியவில்லை. நாடி 130. மூன்றாம், நான்காம் நாளில் வரும் இந்தப் பிதற்றல் நிலைக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரே போகும். நரம்பு வழியாக லோராசிபாம் என்ற, மூளையை அடக்கும் மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வந்தவுடனே தயமின் ஊசி போட்டுவிட்டார்கள். வருடக்கணக்காகக் குடிப்பவர்களுக்கு அந்த பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கவனிக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் பார்வையும் நடையும் தடுமாறி, நினைவாற்றலே போய்விடக்கூடும்.

மார்ச் 6, வெள்ளி

நேற்று மாலை தூங்கினான். இன்று காலை கண்ணைத் திறந்து, "நீ சாப்டியா?" என்றான். வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அண்ணி கேட்டார்: "குடிச்சாதானே மயக்கம் வரும்? நிறுத்துனா எப்படி வலிப்பு வரும்?"

இத்தனை வருடத்தில் ஒரு மாணவர்கூட இப்படி நேராகக் கேட்டதில்லை. வார்டு காகிதத்தின் பின்பக்கம் ஒரு மதகை வரைந்து காட்டினேன். மூளை நரம்பணுக்களின் மேல் காபா ஏற்பிகள் இருக்கின்றன. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகக் கூடி, நடுவில் ஒரு துளை. காபா என்ற வேதிப்பொருள் வந்து உட்கார்ந்தால் மதகு திறக்கும், குளோரைடு உள்ளே பாயும், அந்த அணு அடங்கும். மூளையில் காபா இருப்பது 1950-இல்தான் தெரியவந்தது. மூளையை ஓயாமல் தூண்டிக்கொண்டிருக்கும் குளூட்டமேட்டிலிருந்தே, ஒரே ஒரு நொதியின் வேலையால் இந்த அடக்கும் பொருள் உருவாகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

மது இந்த அடக்கத்தை வலுவாக்குகிறது. சில இடங்களில் காபா சுரப்பையே கூட்டுகிறது. தண்டுவடத்தில் இதே வேலையைச் செய்யும் கிளைசின் ஏற்பியிலும் கைவைக்கிறது. மறுபக்கம், குளூட்டமேட்டின் ஏற்பிகளில் ஒன்றான என்எம்டிஏவை முடக்குகிறது. முதலில் கூச்சம் போவது, பிறகு நா குழறுவது, கடைசியில் நினைவு தப்புவது எல்லாம் இதனால்தான்.

ஆனால் மூளை சும்மா இருக்காது. தினமும் யாரோ மதகைத் தூக்கிப் பிடித்தால், அது தன் பங்குக்கு அந்த ஏற்பிகளைச் செயலிழக்க வைக்கும், சிலவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். தொடர்ந்து மது கொடுத்த எலிகளில் துண்டுகளின் சேர்க்கையே மாறுகிறது: ஆல்பா-1 என்ற துண்டு குறைகிறது, ஆல்பா-4 என்ற துண்டு கூடுகிறது. இன்னொரு பக்கம் என்எம்டிஏ ஏற்பிகள் பெருகுகின்றன. அதனால்தான் பழைய அளவு போதாமல் போகிறது. பதினெட்டு வருடம் அப்படி மாறிப்போன மூளையிலிருந்து ஒரே ராத்திரியில் மதுவை எடுத்தால் பிரேக் தேய்ந்திருக்கும், ஆக்ஸிலரேட்டர் மட்டும் அழுத்தியபடி இருக்கும். நடுக்கமும் வலிப்பும் எறும்பும் அதன் விளைவுதான். வைராக்கியத்தால் அதை நிறுத்த முடியாது.

அண்ணி ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ போன தடவை ரெண்டு நாள்ல மறுபடி குடிச்சாரே, அது திமிரு இல்லையா?"

இல்லை அண்ணி.

மார்ச் 7, சனி

இன்று இன்னொரு கேள்வி: "இப்போ குடுக்கிற மாத்திரையும் போதைதானே? ஒண்ணை விட்டு இன்னொண்ணுல மாட்டிக்கிட்டா?"

நியாயமான பயம். லோராசிபாம், டயசிபாம் எல்லாம் அதே ஏற்பியில்தான் உட்காருகின்றன, ஆல்பா, காமா என்ற துண்டுகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில். காபா வந்தால் மதகு அடிக்கடி திறக்க உதவும். காபா இல்லாவிட்டால் இவற்றால் எதுவும் செய்ய முடியாது. அதனால் தனியாக எடுத்தால் ஓரளவுக்கு மேல் அடக்காது. 1903-இல் வந்த பழைய பார்பிட்யூரேட் வகைத் தூக்க மாத்திரைகள் அப்படியல்ல. திறந்த மதகை நெடுநேரம் மூடவிடாது. அளவு கூடினால் காபா இல்லாமலே திறந்துவிடும். தூக்க மாத்திரையால் மூச்சு நின்று இறந்தவர்கள் அந்தக் காலத்தில் அவ்வளவு பேர் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

மது ஒரு முரட்டு வழி. ரத்தத்தில் 0.08 சதவீதம் என்றால் 17 மில்லிமோலார். டயசிபாம் தன் வேலையைச் செய்ய அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். அவ்வளவு வெள்ளமாக வருவதால் மது ஓரிடத்தில் நிற்காமல் எங்கும் நுழைகிறது. டயசிபாம் விஷத்துக்கு ஃப்ளூமாசெனில் என்ற முறிவு உண்டு. மதுவுக்கு அப்படி ஒன்று இல்லை.

மதுவும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் அந்த 'ஓரளவு' என்ற காப்பு உடைந்துவிடும். மூச்சை நடத்தும் மையமும் அடங்கிப்போகும். மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகள் வேறு ஏற்பி வழியாக அதே மூச்சு மையத்தைத் தாக்குவதால் அவற்றோடும் இதே ஆபத்து.

இங்கே கொடுப்பது மதுவின் இடத்தைச் சில நாட்கள் நிரப்பத்தான். அளவைப் படிப்படியாகக் குறைத்து, மூளை தன் ஏற்பிகளைச் சரிசெய்ய அவகாசம் கொடுத்துவிட்டு, நிறுத்திவிடுவார்கள். மாதக்கணக்கில் போனால் அண்ணி பயந்தபடியே ஆகும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மேசை டிராயரில் கிடந்த பழைய தூக்க மாத்திரை அட்டையை எடுத்துவந்து மருந்தகத்தில் ஒப்படைத்தேன். நான்கு மாத்திரை காலியாக இருந்தது. எந்த இரவுகளில் போட்டானோ, அன்று எவ்வளவு குடித்திருந்தானோ.

மார்ச் 9, திங்கள்

நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இப்படி மறுபடி குடித்து நிறுத்தும் ஒவ்வொரு முறையும் வலிப்பு இன்னும் எளிதாக வரும் என்பதால், மறுபடி குடித்துவிட்டால் மறைக்காமல் உடனே வரச் சொல்லி டாக்டர் அவன் முகத்தைப் பார்த்தே சொன்னார். திட்டவில்லை.

சிஸ்டர் கடைசி முறையாகப் பரிசோதித்தார். நடுக்கம், வியர்வை, பதற்றம் என்று பத்து விஷயங்கள், மொத்தம் 67 மதிப்பெண். புதன்கிழமை அவனுக்கு 34. "கையை நீட்டுங்க, விரலை விரிங்க" என்றார். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தன் விரல் நுனிகளை அவன் விரல் நுனிகளில் வைத்து, மூச்சைப் பிடித்தபடி நின்றார். பிறகு என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

தோலுக்கடியில் மிக மெல்லிய ஓர் அதிர்வு. நடுக்கத்துக்கு 1 என்று எழுதிக்கொண்டார்.

"இன்னும் இருக்கா?" என்றான் அண்ணன்.

"கொஞ்சம் இருக்கு" என்றேன். கையை எடுக்கவில்லை.