ஒன்பது தையல் மெஷின்கள்

2015 டிசம்பரில் நான் பி.காம். இரண்டாம் ஆண்டு. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் புகுந்து வடிந்திருந்த நேரம். கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அணியோடு நிவாரணப் பொருள் பிரிக்கப் போனேன். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் முழுக்கப் பழைய துணி மூட்டைகள், பாதி ஈரத்தோடு. அவிழ்த்தால் ஜரிகை நைந்த பட்டுப் புடவை, பித்தான் இல்லாத சட்டை, ஒற்றைச் செருப்பு. நல்ல மனசோடு அனுப்பியவைதான். ஆனால் அங்கே வந்த பெண்கள் கேட்டது உள்ளாடையும் நாப்கினும். மூட்டைகளில் அவை மட்டும் இல்லை.

என்.எஸ்.எஸ். 1969-ல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவை என்பது கணக்கு. சான்றிதழுக்காகத்தான் சேர்ந்திருந்தேன். அந்த மண்டபத்தில் மணிக்கணக்கு எழுதவே மறந்துபோனது.

எங்கள் வகுப்பில் திரட்டிய பணம் 18,400 ரூபாய். சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கலாம் என்றார்கள் பலர். அதற்குள் பொட்டலங்கள் மிஞ்சித் தெருவோரம் கிடக்க ஆரம்பித்திருந்தன. திட்ட அலுவலர் ஒரு லாங் சைஸ் நோட்டைக் கொடுத்து, “போய்க் கேட்டுட்டு வாங்க. தர்றோம்னு வாக்கு மட்டும் குடுத்துடாதீங்க” என்றார்.

ஆற்றோரத் தெரு ஒன்றில் சுவரெல்லாம் மார்பளவுக்குச் சேற்றுக்கோடு. வாசலில் தையல் மெஷினைச் சாய்த்துவைத்து, எண்ணெய்த் துணியால் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார் ஒரு அக்கா. “அரிசி இருக்கும்மா. மோட்டார்ல தண்ணி பூந்துடுச்சு. அத மட்டும் சரி பண்ணிக் குடுத்தா சோத்த நான் பாத்துக்குவேன்.” அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக அப்படி 9 மெஷின்கள். மோட்டார், பெல்ட், துருப்பிடித்த பாபின் கேஸ், மெக்கானிக் கூலி எல்லாம் சேர்த்துப் பணம் சரியாக இருந்தது.

கடைசி மெஷினை இறக்கிய அன்று எதிர்வீட்டு ஆட்டோக்கார அண்ணன் வந்தார். அவர் வண்டி மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்தது. “நோட்டுல என் பேரையும் எழுதினீங்களேம்மா” என்றார். எழுதியிருந்தேன், என் கையெழுத்தில், ஐந்தாவது வரியில். என்ஜின் வேலைக்கு எங்கள் பணம் எட்டாது என்பது பத்து நாள் முன்பே தெரியும். அவரிடம் சொல்ல யாரும் போகவில்லை. “பார்க்கிறோம் அண்ணா” என்று சொல்லிவிட்டு வந்தேன். பார்க்க ஒன்றும் இல்லை என்று தெரிந்தே சொன்னேன்.

இன்று ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) பிரிவில் எனக்கு ஆறாவது வருடம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ம் பிரிவுப்படி, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய நிறுவனங்கள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதமாவது சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கேட்கப் பெரிய தொகை. மேஜையில் குவியும் விண்ணப்பங்களுக்கு முன்னால் அதுவும் 18,400 ரூபாய்தான். பள்ளிக் கழிப்பறைக்குப் பணம் கேட்கும் கோப்பு வந்தால், தண்ணீர் எங்கிருந்து வரும், யார் கழுவுவார்கள் என்ற பக்கத்தைத்தான் முதலில் தேடுவேன். அது இல்லையென்றால் கிளம்பிப் போய்க் கேட்பேன். இல்லை என்று சொல்ல வேண்டியவர்களுக்கு மின்னஞ்சலோடு நிறுத்துவதில்லை. போன் செய்து காரணத்தைச் சொல்வேன். சிலர் கோபப்படுவார்கள். கேட்டுக்கொள்வேன். “பார்க்கிறோம்” என்ற சொல்லை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

மாணவர்களை மூட்டை தூக்கவும் படத்துக்கு நிற்கவும் கூப்பிடுகிறோம். எதற்குக் கொடுப்பது என்ற முடிவை அவர்களிடம் விடுவதில்லை. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அதனால்தான் சென்ற ஆண்டு, நாங்கள் நிதி தரும் ஒரு தொண்டு அமைப்பின் வழியாக, கல்லூரி மாணவர்கள் 12 பேரிடம் 50,000 ரூபாயை ஒப்படைத்தோம். கண்ணகி நகரில் மாலை நேர வகுப்புக்கு மேஜையும் விளக்குமா, பெண்கள் கபடி அணிக்கு ஷூவா? இரண்டு மணி நேரம் வாக்குவாதம். வகுப்புக்கு என்று முடிவானதும் முதலாமாண்டுப் பையன் ஒருவன், “மேடம், கபடிப் புள்ளைங்ககிட்ட யார் போய்ச் சொல்றது?” என்றான்.

“நீங்கதான்.”

மறுநாள் போனார்கள். நானும் கூடப் போனேன், பேசவில்லை. அவன் தடுமாறித் தடுமாறிக் காரணத்தைச் சொல்லி முடித்தான். அணியின் கேப்டன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, “அடுத்த தடவை எப்ப எழுதிக் கேக்கணும்?” என்றாள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தேதியைச் சொன்னேன். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தேதியை எழுதி, அவள் கையில் கொடுத்தான்.