மோலிக்கு அம்மை போட்டபோது

போன மார்கழியில் எங்கள் வீட்டுத் தொட்டிக்கு நான்கு கறுப்பு மோலி மீன்கள் வாங்கி வந்தேன். கடையில் கட்டிக் கொடுத்த கவரை அரைமணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்தேன். கடைத் தண்ணீரும் சேர்ந்து உள்ளே போனது. ஏற்கெனவே எட்டு நியான் டெட்ரா மீன்களும், அடியில் மேயும் கோரிடோராஸ் மீன்கள் மூன்றும் அதில் இருந்தன.

ஐந்தாம் நாள் மகள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, மோலி மேல உப்பு ஒட்டியிருக்கு."

டார்ச் அடித்துப் பார்த்தேன். வாலில் ஏழு வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ரவையைவிடச் சின்னது. கறுப்பு மீன் என்பதால்தான் கண்ணில் பட்டது. நியான் மேல் இருந்திருந்தால் இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்திருக்கும். மறுநாள் காலையில் எண்ணவே முடியவில்லை. அந்த மோலி கூழாங்கல்லில் பக்கவாட்டாக உடம்பைத் தேய்த்துக்கொண்டு சட்டென்று மேலே பாய்ந்தது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "மீனுக்கு அம்மை போட்டிருக்குடா. ரெண்டு வேப்பிலைய போடு."

அம்மை இல்லை, வெள்ளைப்புள்ளி நோய். மீன் வளர்ப்பவர்கள் சுருக்கமாக 'இக்' என்பார்கள். இக்தியோப்தீரியஸ் என்கிற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியின் வேலை. மனிதர்களுக்குத் தொற்றாது என்று அம்மாவிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

நீல நிற மருந்து ஒரு பாட்டில் வாங்கினேன். தினமும் சில சொட்டு, மூன்று நாள் விட்டால் சரியாகிவிடும் என்றார்கள். விட்டேன். மூன்றாம் நாள் இரவு மோலி பளபளவென்று இருந்தது, ஒரு புள்ளி இல்லை. மருந்தை நிறுத்தினேன். பில்டருக்குள் கார்பன் பை இருந்ததும், விட்ட மருந்தில் பெரும்பங்கை அதுதான் உறிஞ்சிக்கொண்டிருந்தது என்பதும் அப்போது உறைக்கவில்லை.

ஒரு வாரத்துக்குள் மூன்று நியானும் ஒரு மோலியும் செத்தன. அதில் ஒரு நியானின் உடம்பில் புள்ளியே இல்லை. இரண்டு நாளாகப் பில்டர் தண்ணீர் விழும் இடத்திலேயே நின்று வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. செவுளுக்குள் ஏறிவிட்டால் வெளியே எதுவும் தெரியாது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். நாம் பார்க்கும் புள்ளி, மீனின் மேல்தோலுக்கு அடியில் பதுங்கித் தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. மருந்து அதைத் தொடாது. வளர்ந்ததும் அது தானாகவே உதிர்ந்து, அடியில் கல்லிலோ இலையிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். உள்ளே ஒன்று பலநூறாகப் பிரியும், சில சமயம் ஆயிரம் வரைகூட. கூட்டுக்குள்ளும் மருந்து போகாது. குஞ்சுகள் வெளியே வந்து மீனைத் தேடி நீந்தும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் மருந்தோ உப்போ அவற்றைக் கொல்லும். ஆக, புள்ளி மறைந்துவிட்டது என்று நான் நிம்மதியாகத் தூங்கிய ராத்திரியில், கூழாங்கல்லுக்கு நடுவே அவை பெருகிக்கொண்டிருந்திருக்கின்றன.

இரண்டாவது சுற்றில் மருந்தைக் கைவிட்டு உப்பையும் சூட்டையும் நம்பினேன். மார்கழிக் குளிரில் தொட்டித் தண்ணீர் 23 டிகிரிக்கு இறங்கியிருந்தது. சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்குப் போய் 50 வாட் ஹீட்டர் ஒன்று வாங்கி, மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக 30 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். சூடு கூடினால் ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாகும், சீக்கிரம் கூட்டைவிட்டு வெளியே வந்து மாட்டும். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. அதனால் ஏர் பம்ப் ராத்திரி பகலாக ஓடியது. அந்த உறுமலில் ஹாலில் யாருக்கும் தூக்கம் இல்லை.

உப்புக்கு ஒரு கணக்குப் போட வேண்டியிருந்தது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் 56 லிட்டர் வரும். கல்லுக்கும் மேலே விட்ட இடத்துக்கும் கழித்தால் உண்மையில் 45 லிட்டர்தான். லிட்டருக்கு 2 கிராம் வீதம் 90 கிராம் கல் உப்பு. கோரிடோராஸுக்கு உப்பு ஆகாது என்பதால் அதற்கு மேல் போகவில்லை. சமையலறைத் தராசில் நிறுத்து, முப்பது முப்பது கிராமாகத் தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஊற்றினேன். தராசை எடுத்துப்போனதற்கு மனைவியிடம் தனியாகத் திட்டு.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் டியூபைப் போட்டு அடிக்கல்லைக் கிளறி அழுக்கோடு 15 லிட்டர் இழுத்தேன். கூடுகளில் பாதியாவது இப்படியே சாக்கடைக்குப் போகும். புதிதாக விடும் தண்ணீருக்கு 30 கிராம் உப்பு மட்டும் போட வேண்டும். இதில் தவறி மறுபடி 90 போட்டால் மீன் ஊறுகாய்தான். தொட்டியில் இருந்த வாலிஸ்னேரியா செடியின் இலைகள் உப்பு தாங்காமல் கருகிப்போயின. அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆறாம் நாள் கடைசிப் புள்ளியும் போனது. ஹீட்டரை எடுக்கக் கை துறுதுறுத்தது. அம்மாதான், "அம்மை இறங்கினா மட்டும் போதுமா? மூணு தண்ணி ஊத்தி முடிக்கிற வரைக்கும் பத்தியம்தான்" என்றாள். மேலும் ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன். அதற்குள் ஒரு கோரிடோராஸ் போனது. உப்பினாலா நோயினாலா என்று சொல்லத் தெரியவில்லை. மற்றவை பிழைத்தன.

இப்போது பால்கனியில் 20 லிட்டர் டப் ஒன்றில் ஸ்பான்ஜ் பில்டரோடு ஆறு புது நியான்கள் இருக்கின்றன. கடைத் தண்ணீரை வாளியில் கொட்டிவிட்டு, மீனை மட்டும் வலையில் எடுத்து விட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் பெரிய தொட்டி. இன்று பதினோராம் நாள். மகள் காலண்டரில் தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு வருகிறாள்.