ஒன்றரை மடங்கு என்றால் எதில் ஒன்றரை?

ஒரு மணி நேரத்துக்கு அடிப்படைச் சம்பளம் 100. இரவு ஷிப்ட் என்றால் அதற்கு மேல் 10 சதவீதம் படி. ஓவர்டைம் பார்த்தால் ஒன்றரை மடங்கு. இரவில் ஓவர்டைம் பார்த்தவருக்கு ஒரு மணிக்கு எவ்வளவு?

புதிய பேரோல் மென்பொருளில் சம்பள விதிகளைப் போட உட்கார்ந்த முதல் நாள், இந்தக் கேள்வியை மூன்று பேரிடம் கேட்டேன். மேலாளர் 160 என்றார். நூற்றுக்கு ஒன்றரை மடங்கு 150, படி 10. அதுவரை எக்ஸெலில் சம்பளம் போட்டுக்கொண்டிருந்த அக்கா 165 என்றார். படியைச் சேர்த்து 110, அதில் ஒன்றரை மடங்கு. மூன்றாமவர் “மென்பொருள் என்ன காட்டுகிறதோ அதுதான்” என்றார். மென்பொருள் காட்டியது 160. இந்த விடையில்தான் எனக்குப் பயமே வந்தது. யாரும் முடிவு செய்யாத ஒன்றை ஏற்கனவே டிக் செய்யப்பட்டிருந்த ஒரு கட்டம் முடிவு செய்திருந்தது.

விதிமுறைத் தாளில் “ஓவர்டைமுக்கு 1.5 மடங்கு” என்று மட்டும்தான் இருந்தது. எதில் ஒன்றரை என்று இல்லை. சில நாடுகளின் சட்டம் படிகளையும் சேர்த்த சம்பளத்தின் மேல்தான் ஓவர்டைமைக் கணக்கிடச் சொல்கிறது. அதனால் இது எங்கள் விருப்பத்தைப் பொறுத்த விஷயமும் அல்ல. சட்ட ஆலோசகரிடம் கேட்டு வாங்கிய பதில் 165. அக்காவிடம் போய் “எப்படி சரியாகப் போட்டீர்கள்?” என்று கேட்டேன். “எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அப்படித்தான் போட்டார்” என்றார்.

அன்றைக்கு ஒரு நோட்டு எடுத்தேன். எந்த விதியையும் மென்பொருளில் போடுவதற்கு முன், அந்த விதியால் வரும் சம்பளத்தைக் கையால் கணக்குப் போட்டு அதில் எழுதி, மேலாளரிடம் கையெழுத்து வாங்கினேன். இது அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பிற்பாடு அந்த நோட்டுதான் காப்பாற்றியது.

அடுத்த சிக்கல், விதிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது. ஞாயிற்றுக்கிழமைக்கு இரட்டைச் சம்பளம், ஓவர்டைமுக்கு ஒன்றரை. ஒருவர் ஞாயிறன்று ஓவர்டைம் பார்த்திருந்தார். இரண்டையும் பெருக்கி, மணிக்கு மூன்று மடங்கு கொடுத்துவிட்டது மென்பொருள். அவருக்குத் தெரிந்திருந்தால் மிகவும் சந்தோஷப்பட்டிருப்பார். எங்கள் ஒப்பந்தப்படி இரண்டில் எது அதிகமோ அது மட்டும்தான். அதற்கு விதிகளை ஒரே குழுவில் போட்டு, ‘உயர்ந்தது மட்டும்’ என்று குறிக்க வேண்டும். இரவுப்படி அந்தக் குழுவுக்கு வெளியே இருக்க வேண்டும். அதையும் உள்ளே தள்ளிவிட்டால் படி காணாமல் போய்விடும். இந்த ஒரு திரைக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் மற்ற எல்லாவற்றையும் முடித்திருக்கலாம்.

அப்புறம் நள்ளிரவு. சனிக்கிழமை இரவு 10 மணிக்குத் தொடங்கும் ஷிப்ட் ஞாயிறு காலை 6 மணிக்கு முடிகிறது. இது சனியா, ஞாயிறா? எங்கள் வழக்கப்படி, தொடங்கிய நாள்தான் ஷிப்டின் நாள். மென்பொருளோ 12 மணிக்கு வெட்டி, 6 மணி நேரத்தை ஞாயிற்றுக்குத் தந்தது. சோதனையில் இதை நான் பிடிக்கவே இல்லை. காரணம், நான் சோதனைக்கு எடுத்துக்கொண்டவர் சனி இரவும் வேலை பார்த்திருந்தார், ஞாயிறு இரவும் பார்த்திருந்தார். சனி ஷிப்டிலிருந்து 6 மணி, ஞாயிறு ஷிப்டிலிருந்து 2 மணி, மொத்தம் 8 மணிக்கு இரட்டைச் சம்பளம். வழக்கப்படி போட்டாலும் அதே 8 மணிதான். கணக்கு அச்சாகப் பொருந்தியது, நானும் டிக் போட்டுவிட்டுப் போய்விட்டேன். ஒரே ஒரு இரவு மட்டும் வந்தவருடைய சீட்டைப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. அதற்குப் பிறகு சோதனைக்கு ஆள் தேர்வு செய்யும்போது ஒழுங்காக வருபவர்களை விட்டுவிட்டேன். பாதியில் சேர்ந்தவர், மாத நடுவில் சம்பளம் உயர்ந்தவர், லீவும் ஓவர்டைமும் ஒரே வாரத்தில் வைத்திருப்பவர் என்று தேடிப் பிடித்தேன்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு மணிச் சம்பளம் கண்டுபிடிப்பது இன்னொரு கூத்து. பழைய எக்ஸெல் அந்தந்த மாதத்தின் நாட்களால் வகுத்தது. அதாவது 28 நாள் பிப்ரவரியில் ஒரு மணி ஓவர்டைம், 31 நாள் மார்ச்சைவிட 10 சதவீதத்துக்கும் மேல் விலை போனது. வாரம் 40 மணி, வருடம் 52 வாரம், அதை 12-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 173.33 மணி. இந்த நிலையான எண்ணை வைத்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் மாற்றினேன்.

சின்ன விஷயங்கள் என்று நினைத்தவையும் கடித்தன. வருகைப் பதிவுக் கருவியிலிருந்து வந்த கோப்பில் 8.45 என்றால் எட்டு மணி நாற்பத்தைந்து நிமிடம். மென்பொருளுக்கு அது 8.45 மணி. உண்மையில் 8.75 ஆக வேண்டியது. ஆளுக்கு 18 நிமிடம் போயிற்று. அதேபோல மூன்று நாளும் 20 நிமிடம் ஓவர்டைம் பார்த்தவருக்கு நாளுக்கு 0.33 என்று முழுமைப்படுத்தினால் மொத்தம் 0.99 மணிதான் வரும். நிமிடமாகவே வைத்திருந்து கடைசியில் மணியாக்கச் சொன்னதும் சரியானது.

சம்பள உயர்வில் செய்த தப்பு முழுக்க என்னுடையது. புதிய தொகையை, அமலாகும் தேதியோடு புது வரியாகச் சேர்க்காமல், பழைய வரியிலேயே திருத்திவிட்டேன். முந்தைய மாதத்தை மறுபடி திறந்து பார்த்தால், அதுவும் புதிய சம்பளத்தில் கணக்காகி நிற்கிறது! நல்ல வேளை, அது சோதனைத் தளம்.

இப்படியாக, பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் மூன்று மாதம் ஓடின. முதல் மாதம் வித்தியாசப் பட்டியல் இரண்டு பக்கத்துக்கு நீண்டது. நோட்டில் இருந்த கணக்குகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் திருத்தினேன். மூன்றாவது மாதம் மூன்று பெயர்கள்தான் மிச்சம். இரண்டு பேருக்கு ஒரு காசு வித்தியாசம், முழுமைப்படுத்தியதால் வந்தது. மூன்றாமவருக்கு மென்பொருள் இரவுப்படி கொடுத்தது, எக்ஸெல் கொடுக்கவில்லை. விதியை நான்கு முறை பார்த்தேன், தப்பில்லை. அக்காவைக் கூப்பிட்டேன். அவர் தாளைக் கீழே உருட்டி, கடைசி வரியில் நின்றார். புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண்ணின் வரிக்கு மட்டும் ஃபார்முலா இழுக்கப்படவில்லை. சேர்ந்த நாளிலிருந்தே படி போகவில்லை.

“அரியராப் போட்டுடு” என்றார் அக்கா. போடலாம் என்று திறந்தால், அரியர் என்று ஒரு சம்பளத் தலைப்பையே நான் உருவாக்கியிருக்கவில்லை. சிரித்துவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். இருவரும் சேர்ந்து அதை உருவாக்கினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, “இதுக்கு மேல ஓ.டி. ஏறாதே?”