ஸ்பா: எல்லை ஓடையைக் கடக்கும் பந்தயப் பாதை

பெல்ஜியத்தின் ஆர்டென் மலைக்காட்டில் ஓ ரூஜ் என்றொரு சிற்றோடை உண்டு. முதல் உலகப் போர்வரை பெல்ஜியத்துக்கும் ஜெர்மனிக்கும் அதுவே எல்லையாக இருந்தது. அப்போது ஜெர்மனியைச் சேர்ந்திருந்த மால்மெடி நகரம் போருக்குப் பின் பெல்ஜியத்திடம் வந்தது. அதன் பிறகே ஃப்ராங்கோர்ஷான், மால்மெடி, ஸ்டாவ்லோ ஆகிய ஊர்களின் பொதுச் சாலைகளை முக்கோணமாக இணைத்து, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளத்தில் ஸ்பா என்ற கார் பந்தயப் பாதையை வகுத்தார்கள். ஓடையைத் தாண்டியதும் வந்த கொண்டை ஊசி வளைவுக்குப் ‘பழைய சுங்கச்சாவடி’ என்றே பெயர். 1939-ல் அவ்வளைவை ஒதுக்கிவிட்டு, மேட்டின்மீது நேரே பாயும் ரெடியோன் ஏற்றத்தை அமைத்தார்கள். ஓ ரூஜ் என்று இன்று ரசிகர்கள் வியப்பது பெரும்பாலும் இந்த ஏற்றத்தைத்தான்.

இப்பாதையின் வரலாற்றில் என்னை மிகவும் உலுக்குவது 1966-ஆம் ஆண்டு ஃபார்முலா 1 பந்தயம். முதல் சுற்றிலேயே, பாதையின் ஒரு பகுதியில் மட்டும் கொட்டிய மழையில் ஏழு கார்கள் சறுக்கி வெளியேறின. பிரிட்டிஷ் ஓட்டுநர் ஜாக்கி ஸ்டூவர்ட்டின் கார் சாலையை விட்டுப் பாய்ந்து நசுங்கியது. ஸ்டியரிங்கின் கீழ் கால்கள் சிக்கிக்கொள்ள, உடலெங்கும் பெட்ரோல் நனைக்க, அவர் ஏறக்குறைய 25 நிமிடம் அப்படியே கிடந்தார். அவரை மீட்டவர்கள் சக ஓட்டுநர்களான கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரண்ட்டும்தான். ஸ்டியரிங்கைக் கழற்ற ஒரு ஸ்பானரைக்கூடப் பார்வையாளர் ஒருவரிடமிருந்தே இரவல் வாங்க வேண்டியிருந்தது. அதன் பிறகு ஸ்டூவர்ட் தம் காரின் ஸ்டியரிங்கிலேயே ஒரு ஸ்பானரை ஒட்டிவைத்துக்கொண்டு பந்தயங்களில் கலந்துகொண்டார். தடுப்புகளும் மருத்துவ வசதியும் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார்.

1969-ல் ஓட்டுநர்கள் ஸ்பாவைப் புறக்கணித்தார்கள். அடுத்த ஆண்டு மெக்சிகோ ஓட்டுநர் பெட்ரோ ரோட்ரிகஸ் மணிக்குச் சராசரியாக 240 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வென்றதோடு பழைய பாதையில் ஃபார்முலா 1 முடிவுக்கு வந்தது. 1979-ல் காட்டுக்குள் புதிய இணைப்புச் சாலை போட்டு நீளத்தை ஏறத்தாழ 7 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். 1983-ல் ஃபார்முலா 1 திரும்பியது. பாதையைச் சுருக்கியதால் ஸ்பாவின் வீரம் குன்றிவிட்டது என்பாரின் கருத்தை நான் ஏற்கவில்லை. ஓடையும் ஏற்றமும் திடீர் மழையும் அப்படியேதான் இருக்கின்றன. ஆபத்தும் முற்றிலும் நீங்கிவிடவில்லை: 2019-ல் ரெடியோனை அடுத்து நேர்ந்த மோதலில் ஆந்துவான் ஊபேர் என்ற 22 வயதுப் பந்தய ஓட்டுநர் உயிரிழந்தார். 2022-ஆம் ஆண்டுப் பந்தயத்துக்கு முன் அங்கே பாதையோர வெளிகளை அகலப்படுத்தி, பாதை தவறும் கார்களின் வேகத்தைக் குறைக்கச் சில வளைவுகளின் ஓரத்தில் மீண்டும் சரளைக்கற்களைக் கொட்டினார்கள்.

பழைய பாதையின் பகுதியாக இருந்து கைவிடப்பட்ட மாஸ்டா நேர்ச்சாலையில் இன்றும் ஊர்க்காரர்கள் தங்கள் கார்களில் போய்வருகிறார்கள். பந்தயக் கார்கள் உரசாத குறையாகப் பறந்து சென்ற வீடுகள் அதன் ஓரத்தில் நிற்கின்றன.