ரிசெப்ஷன்ல ரொட்டி கவுன்டர்

தங்கச்சி கல்யாணத்துக்கு ஹோல், சீலை, பூ, கேமராகாரர் எல்லாம் ரெண்டே நாள்ல முடிவாகிருச்சு, ரிசெப்ஷன் சாப்பாட்டுல வந்து மூனு மாசம் மாட்டிகிட்டோம். காரணம் ரொட்டி.

பொண்ணுக்கும் மாப்ளைக்கும் "எங்க ஸ்டைலுக்கு ஏத்த" சாப்பாடு வேணுமாம். அவங்க ஸ்டைல் என்னான்னா, தங்கச்சிக்கு கொழும்புல வேலை, லீவு முடிஞ்சி தலவாக்கலையில ராத்திரி மெயில் ஏறும்போது அம்மா நாலு தேங்கா ரொட்டியும், மொளகா வெங்காயத்தோட மாசிக் கருவாடு இடிச்ச கட்டா சம்பலும் பேப்பர்ல சுத்தி குடுத்து விடுவாங்க, பதுளையில இருந்து அதே ரயில்ல பசியோட வந்த ஒருத்தர் சம்பல் வாசத்துக்கு திரும்பி பாத்திருக்காரு, மிச்சத்த நான் சொல்லத் தேவையில்ல. அதனால ரிசெப்ஷன்ல சுடச்சுட ரொட்டி சுட்டு குடுக்கணும், கட்டா சம்பல் வேணும், பாலில்லாம இஞ்சி தட்டி போட்ட பிளேன்டீ வேணும். இவ்வளவுதான்.

இத கேட்டதும் பெரியம்மா வாயில இருந்த வெத்தலைய துப்பிட்டு வந்து உக்காந்தாங்க.

"விடியக்காலம் நாலரைக்கு எந்திருச்சி, ஈர வெறக ஊதி ஊதி கண்ணு எரிய, தோட்டத்துல ஆளு கணக்கெடுக்குற பெரட்டுக்கு ஓட முன்ன ஆறு பேருக்கு ரொட்டி சுட்டேன். முப்பத்திரெண்டு வருசம். இப்ப பட்டு சீலை கட்டிகிட்டு வந்து அதையே திங்கணுமா?"

யாருக்கும் பதில் வரல. தங்கச்சிக்கு ரொட்டின்னா காதல், பெரியம்மாவுக்கு ரொட்டின்னா பெரட்டு, ரெண்டு பேரும் ஒரே ரொட்டியத்தான் சொல்றாங்க. நம்ம பக்கம் கல்யாணம்னா காலையில கோயில்ல சைவம், ராத்திரி ஹோல்ல ப்ரைட் ரைஸ், கோழி டெவல், கத்தரிக்கா மோஜு, கடைசியா வட்டலப்பம். அதுல ஒன்னு கொறஞ்சாலும் சனம் அடுத்த கல்யாணம் வரைக்கும் சொல்லிக் காட்டும்.

நுவரெலியா ஹோட்டல் மேனேஜர் வேற நெருப்புல எண்ணெய ஊத்துனாரு. அவரு பாஷையில அது ரொட்டி கவுன்டர் இல்லயாம், "லைவ் ரொட்டி ஸ்டேஷன்". பஃபேக்கு மேல தலைக்கு 350 ரூவா. 250 பேருக்கு 87,500. பெரியம்மா பள்ளிக்கூடம் போனது ரெண்டாம் வகுப்பு வரைக்கும்தான், ஆனா மேனேஜர் கல்குலேட்டர எடுக்க முன்ன கணக்கு சொல்லிட்டாங்க. "அந்த காசுக்கு எங்க லயத்து வீடு அத்தனைக்கும் ரொட்டி சுடலாம் தம்பி."

கடைசியில பஃபே முழுசா, ரொட்டி 100 பேருக்கு மட்டும்னு பேசி முடிச்சோம். டேஸ்ட் பாக்க கூப்பிட்டாங்க, போனோம். வந்த ரொட்டிய உருட்டி, கட்டர்ல வட்டமா வெட்டி, பிஸ்கட் மாதிரி அடுக்கி வச்சிருந்தாங்க. சம்பல்ல மாசி இல்ல, ஒறப்பு இல்ல, நாக்குல சீனி பட்டுச்சு. பிளேன்டீ கேட்டா டீ பேக்கு. சன்னலுக்கு வெளிய கண்ணுக்கு எட்டுன தூரம் தேயிலை, கப்புல நூலு கட்டுன பொட்டலம்! இதுல நுவரெலியா 1,868 மீட்டர் ஒசரம், தண்ணி 94 டிகிரி கிட்டயே கொதிச்சிரும், அந்த தண்ணியில அந்த பேக்கு என்னாத்த சாயம் எறக்கும்? மாப்ள அப்பா, தேயிலை பேக்டரியில வேலை செஞ்ச மனுசன், ஒரு வார்த்தையும் பேசல, அடுத்த தடவ வரும்போது ரெண்டு கிலோ பிஓபிஎஃப்னு சொல்ற பொடி தேயிலைத் தூள கொண்டாந்து மேசையில வச்சிட்டு போயிட்டாரு.

ரிசெப்ஷன் தை மாசம். நுவரெலியாவுல தை மாசம்னா புல்லுல பனி உறையிற காலம். பொகை வரும்னு ரொட்டி கவுன்டர ஹோலுக்கு வெளிய புல்வெளியில போட்டுட்டாங்க. ரொட்டி சுடுற பொடியன் தேங்கா எண்ணெய் போத்தல கவுத்தா ஒன்னும் வரல, மெழுகுதிரி மாதிரி வெள்ளையா உறைஞ்சி போயிருக்கு, அவன் அத அடுப்பு பக்கத்துல சாச்சி வச்சிட்டு உருக்கிகிட்டு நின்னான்.

அங்க யாரும் வரமாட்டாங்கன்னுதான் நாங்க நெனச்சோம். ஆனா கொழும்புல இருந்து வந்த தங்கச்சி ஆபீஸ் கூட்டம் கையில்லாத ப்ளவுசும் மெல்லிசு சட்டையுமா வந்து எறங்கிருச்சு, ஹோல்ல ஹீட்டர் கெடையாது. ஒரு பொண்ணு ரொட்டிக்கல்லு பக்கம் வந்து கைய நீட்டி குளிர் காஞ்சிச்சு. பின்னாடியே நாலு பேரு. அப்புறம் இருவது பேரு. சும்மா நிக்க வெக்கப்பட்டு ஆளுக்கொரு ரொட்டி கேட்டாங்க, தின்னாங்க, அடுப்ப விட்டு போக மனசில்லாம இன்னொன்னு கேட்டாங்க. உள்ள ப்ரைட் ரைஸ் ஆறிகிட்டு இருக்கு, மேடையில பொண்ணு மாப்ளைக்கு போட்டோ எடுக்க ஆளில்ல, கேமராகாரரும் வெளிய ரொட்டிதான் திங்கிறாரு.

பொடியனுக்கு கை நடுங்கிருச்சு. அப்பதான் ஒரு சத்தம்.

"டேய், கட்டைய கீழ வைடா. கையால தட்டு!"

பெரியம்மா. நாற்காலிய இழுத்து போட்டு கல்லுக்கு எதிர்ல உக்காந்துட்டாங்க, அரக்கு கலர் பட்டு, தோள்ல கம்பளி சால்வை, மடியில ப்ரைட் ரைஸ் ப்ளேட், அதுல ரெண்டு கோழிக்காலு. அவங்க எந்திரிக்கவே இல்ல, மாவ தொடவும் இல்ல. கோழிக்கால கடிச்சிகிட்டே "தேங்கா பத்தாது, இன்னும் போடு", "ஓரம் வேகல, திருப்பாத", "இப்ப திருப்பு, இப்ப இப்ப!"ன்னு பேண்ட் மாஸ்டர் மாதிரி எலும்ப ஆட்டி ஆட்டி நடத்துனாங்க. பொடியன் பாதியில "சரி அம்மாச்சி"ன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டான். நூறு பேரு கணக்கு எங்க போச்சோ தெரியல, மாவு தீந்து ரெண்டு தடவ கொழைச்சாங்க, அந்த பில்ல பத்தி இப்ப பேச வேணாம்.

பத்தர மணிக்கு கூட்டம் கொறைஞ்சதும் பொடியன் கடைசியா ஒன்ன நல்லா மொறுமொறுன்னு சுட்டு, சம்பல் வச்சி, பெரியம்மாகிட்ட ரெண்டு கையாலயும் நீட்டுனான்.

அவங்க அத பாத்தாங்க. வெந்த பதத்துக்கு தலைய ஆட்டுனாங்க.

"நல்லாருக்குடா. நீ தின்னு. உள்ள வட்டலப்பம் மிச்சம் இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வா."