மைதானத்துக்கு வன்னியில் வெறுங்காணி கிடக்குதாம்

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான மண்டைதீவில் கிரிக்கெட் மைதானம் கட்டலாமா கூடாதா என்ற வாக்குவாதம் யாழ்ப்பாணத்தோடு நிற்கும் என்று பார்த்தால், இங்கே வன்னியில் கிளிநொச்சித் தேத்தண்ணிக் கடை வரைக்கும் வந்துவிட்டது. 2025 செப்டெம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வந்து அடிக்கல் நட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து இங்கே பலரும் சொல்வது ஒரே கதை: "அந்தச் சேத்துக்குள்ள ஏன் கட்டுறாங்கள், வன்னியில வெறுங்காணி எவ்வளவு கிடக்கு."

இந்தக் கதை எனக்குச் சரிவரவில்லை.

வரைபடத்தில் பார்த்தால் மண்டைதீவும் வெறுமையாகத்தான் தெரியும். கிட்டப் போனால் கண்டல் மரங்கள், ஆழமில்லாத கடல், வலசை வருகிற பறவைகள், கரையோரத் தொழிலை நம்பியிருக்கிற குடும்பங்கள். 1990 இல் இராணுவம் தீவகத்துக்குள் வந்தபோது காணாமல் போனவர்கள் எங்கே, அவர்களைப் புதைத்ததாகச் சொல்லப்படுகிற கிணறுகளைத் தோண்டிப் பாருங்கள் என்று சனம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குப் பதில் வராமல் பக்கத்தில் பார்வையாளர் கலரி எழும்பினால் கோபம் வரத்தானே செய்யும்.

சரி, வன்னிக்கு வருவோம். எங்கே அந்தக் காணி? காட்டை வெட்டினால் யானை ஊருக்குள் வரும், இப்பவே வருகிறது. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல், அதில் மண் போட்டு உயர்த்தினால் 2018 மார்கழியில் கிளிநொச்சிக்குள் வந்த மாதிரி வெள்ளம் வரும்போது தண்ணீர் யாருடைய வீட்டுக்குப் போகும்? மிச்சத்தில் ஒரு பங்கு இராணுவத்தின் முள்வேலிக்குப் பின்னால் இருக்கிறது. முல்லைத்தீவின் கேப்பாப்புலவுச் சனம் 2017 இல் முகாம் வாசலில் வெயிலிலும் மழையிலும் இருந்து கேட்டது தங்கள் சொந்தக் காணியை. அப்போது முழுதாக வராத காணி மைதானத்துக்கென்றால் மட்டும் வருமென்றால், அது யாருக்கான மைதானம்?

தெற்கிலும் இப்படித்தான். ஹம்பாந்தோட்டையின் சூரியவெவவில் காட்டை வெட்டி 35,000 பேர் இருக்கக்கூடிய மைதானத்தைக் கட்டி, ஆட்சியில் இருந்த மஹிந்த ராஜபக்ஷவின் பெயரையே வைத்து 2011 உலகக்கிண்ணத்துக்குத் திறந்தார்கள். பிறகு ஆண்டில் பெரும்பகுதி ஆட்டமில்லை. 2020 இல் கொழும்புக்குப் பக்கத்து ஹோமாகமவில் இன்னொன்று என்றபோது முன்னாள் அணித்தலைவர் மஹேல ஜயவர்தனவே, இருக்கிறதிலேயே போதிய ஆட்டமில்லை, இன்னொன்று எதற்கு என்று கேட்டார். அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். மஹேல கேட்டால் நிற்கும், மீன்பிடிக்கிறவன் கேட்டால் அபிவிருத்திக்கு எதிரி. (கிரிக்கெட் பைத்தியத்தில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை, அது வேறு.)

வன்னிக்குக் கேட்க வேண்டியது வேறு. கிளிநொச்சி நகரிலேயே போர் முடிந்த பிறகு தொடங்கிய மைதான வேலை எத்தனை வருடம் இழுபட்டது என்று எல்லாருக்கும் தெரியும். முல்லைத்தீவுக் கரையோரப் பெடியள் உதைபந்தாட்டத்தில் கெட்டிக்காரர், ஆனால் ஐப்பசி மழை தொடங்கினால் தை வரைக்கும் பந்து உருளாத மைதானங்கள்தான் அங்கே அதிகம். வடிகால் வெட்டி, வெளிச்சம் போட்டு, பெண்பிள்ளைகள் உடுப்பு மாற்ற ஒரு அறையும் மலசலகூடமும் கட்டிக்கொடுக்க அடிக்கல் விழா தேவையில்லை. அதனால்தான் ஒருத்தரும் செய்வதில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த வரவுசெலவுத் திட்டத்தின்போது எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் மண்டைதீவா வன்னியா என்று மல்லுக்கட்டாமல் இதைக் கேட்கட்டும். மைதானம்தான் வேண்டுமென்றால், சூழல் அறிக்கையைத் தமிழில் ஊருக்குள் வைத்து, சனத்தைக் கேட்டுவிட்டு இடத்தைச் சொல்லட்டும்.