வந்த வாசல் வேலையில் தெரியும்

படப்பிடிப்புத் தளத்தில் மானிட்டருக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. ஸ்பாட் எடிட்டர் என்பார்கள். எடுத்த ஷாட்டுகளை அங்கேயே வரிசைப்படுத்தி, காட்சி ஒட்டுகிறதா, பார்வைத் திசை எங்காவது இடிக்கிறதா, எடுக்க வேண்டிய ரியாக்‌ஷன் எதுவும் விட்டுப்போயிற்றா என்று பார்த்து இயக்குநரிடம் சொல்ல வேண்டும். ஒரே வசனத்தை ஒரே ஆள் பலமுறை சொல்வதை நாள் முழுக்கப் பார்க்கிற வேலை. பார்த்துக்கொண்டே இருந்தால், ஒருவர் எந்த வேலையிலிருந்து இங்கே வந்தவர் என்பது யாரும் சொல்லாமலே பிடிபட ஆரம்பித்துவிடும்.

ஒரு குணச்சித்திர நடிகர் நினைவுக்கு வருகிறார். மகனோடு வாக்குவாதம் செய்கிற காட்சி. நடுவில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். தள்ளி நின்று எடுக்கும் வைட் ஷாட்டில் எந்தச் சொல்லில் கழற்றினாரோ, முகத்தை நெருங்கி எடுக்கும் குளோசப்பிலும் அதே சொல்லில், அதே கையால். எதிரில் இருப்பவரின் தோளுக்கு மேலிருந்து எடுத்தபோதும் அப்படியே. கோபத்தின் அளவு டேக்குக்கு டேக் மாறியது, கை மட்டும் மாறவில்லை. எனக்கு அந்தக் கை அசைவிலேயே கட் வைக்க முடிந்தது. பார்ப்பவருக்கு வெட்டு தெரியவே தெரியாது. இடைவேளையில் விசாரித்தால், நடிக்க வருவதற்கு முன் பல வருடம் உதவி இயக்குநராக இருந்தாராம். கன்டினியூட்டி எழுதுவதுதான் அப்போது அவர் பொறுப்பு. எந்தக் கையில் பை, சட்டையின் எந்தப் பொத்தான் திறந்திருந்தது, எந்த வசனத்தில் எழுந்தார் என்று மற்றவர்களுக்காக எழுதி எழுதி, அந்தக் கணக்கு அவர் உடம்புக்குள் போய்விட்டிருக்கிறது.

மேடையிலிருந்து வருபவர்கள் வேறு மாதிரி. குளோசப்பில் முதல் டேக் பெரும்பாலும் பெரிதாக இருக்கும், கடைசி வரிசைக்காரருக்கும் கேட்கிற குரல். இரண்டு, மூன்று டேக் போனதும் அடங்கிவிடுவார்கள். ஆனால் நான்கு பக்க வசனத்தை வெட்டில்லாமல் ஒரே ஷாட்டாக எடுக்கலாம் என்று இயக்குநர் முடிவு செய்யும்போது தளத்தில் பதற்றப்படாத ஆள் அவர்தான். துண்டு துண்டாக நடித்தே பழகியவருக்கு அந்தத் தைரியம் லேசில் வராது.

எடிட்டராக இருந்து இயக்குநரானவரோடும் வேலை பார்த்திருக்கிறேன். வசனம் முடிந்த பிறகும் அவர் கட் சொல்லமாட்டார். நடிகர் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நிற்பார், ஒரு மூச்சு விடுவார், கண்ணைத் தாழ்த்துவார். பெரும்பாலும் அந்த மிச்சம்தான் காட்சியின் முடிவாகப் போகும். அடுத்த காட்சிக்குள் நுழைய ஒரு எடிட்டர் எதைத் தேடித் தவிப்பார் என்று அவருக்குத் தெரியும், அதனால் அதைத் தளத்திலேயே எடுத்து வைத்துவிடுவார்.

திரையுலகப் பேட்டிகளில் இந்த விஷயம் வருவதே இல்லை. வேறு வேலையில் கழிந்த வருடங்களை எல்லாம் போராட்டக் காலம் என்று ஒரே மூட்டையாகக் கட்டி, ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அப்புறம் முதல் படம், முதல் வெற்றி என்று கதை ஓடும். எனக்கு இதில் வருத்தம் உண்டு. அந்த வருடங்களில் அவர் கையும் கண்ணும் எதற்குப் பழகின என்பதுதான் அடுத்துவரும் கலைஞர்களுக்கு உண்மையில் பயன்படக்கூடிய செய்தி.

டேவிட் லீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோவில் எடுபிடி வேலையில் தொடங்கி, செய்திப் படங்களையும் பிறகு கதைப் படங்களையும் தொகுத்து, பிரிட்டனில் பெயர் பெற்ற எடிட்டரானவர். 1942-ல்தான் இயக்கம் பக்கம் வந்தார், அதுவும் இன்னொருவரோடு சேர்ந்து. அதற்குப் பிறகு இயக்குநராக உலகப் புகழ் அடைந்தார். 1984-ல் வந்த அவருடைய கடைசிப் படத்தில், இயக்குநர் என்ற இடத்தில் மட்டுமல்ல, எடிட்டர் என்ற இடத்திலும் அவர் பெயர்தான். எழுபது வயதைத் தாண்டிய பிறகும் பழைய நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார். எடிட்டிங்கை இயக்கத்துக்கு ஏறும் படியாக மட்டும் நினைத்தவர் இப்படித் திரும்பி வந்திருக்கமாட்டார்.

சத்யஜித் ராய் 1943-லிருந்து விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்தவர், புத்தக அட்டைகள் வரைந்தவர். முதல் படத்துக்குப் பணம் கேட்டுப் போனபோது அவர் கையில் இருந்தது காட்சிகளை வரைந்த நோட்டுப் புத்தகம். பிறகு சொந்தப் படங்களின் போஸ்டர், எழுத்துரு என்று எல்லாவற்றிலும் அந்த ஓவியர் தெரிகிறார். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவும் ஓவியராக ஆசைப்பட்டவர்தான். 1936-ல் உதவி இயக்குநராகச் சேர்ந்து, 1943-ல் முதல் படம் இயக்கினார். அவருக்கு வாய்த்த இயக்குநர் கஜிரோ யமமோட்டோ, உதவியாளர்களைத் திரைக்கதை எழுதச் சொல்வார், எடிட்டிங்கில் உட்கார வைப்பார். குரோசாவா பின்னாளில் தன் படங்களைத் தானே தொகுத்தார் என்றால், அதன் வேர் அங்கே இருக்கிறது. உதவி இயக்குநருக்கு யார் வாய்க்கிறார் என்பது பாதி வாழ்க்கை. கிளாப் அடிக்கவும் ஆளைக் கூப்பிடவும் மட்டும் வைத்துக்கொள்ளும் ஒருவரிடம் சிக்கினால், அத்தனை வருடமும் கிளாப்போடு போய்விடும்.

நம்மிடமும் உதாரணங்களுக்குக் குறைவில்லை. கே. பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். 1965-ல் படம் இயக்க வந்தபோது, ஒரு பாத்திரம் எப்போது உள்ளே வர வேண்டும், எந்த வசனத்தில் வெளியேற வேண்டும் என்ற மேடைக் கணக்கும் அவரோடு வந்தது. பாக்யராஜ் 1977-ல் பாரதிராஜாவிடம் உதவியாளர். 1979-ல் அதே இயக்குநரின் படத்தில் கதாநாயகன், அந்த வருடமே தனியாக இயக்குநர். கமல்ஹாசன் 1960-ல் குழந்தை நட்சத்திரம். இளைஞராகத் திரும்பி வந்தபோது நடன மாஸ்டர் தங்கப்பனிடம் உதவியாளர். பத்திரிகையாளராகவும் வசனகர்த்தாவாகவும் இருந்து இயக்குநரான மகேந்திரன், 2016-ல் ஒரு பெரிய நடிகரின் படத்தில் வில்லனாக வந்து நின்றார். குரலை உயர்த்தாமலேயே பயமுறுத்தினார்! தன் படங்களில் வசனத்தைக் குறைத்துக் குறைத்து மௌனத்துக்கு இடம் விட்டவர் அவர். நடிக்கும்போதும் அதையேதான் செய்தார் என்று எனக்குத் தோன்றும்.

எல்லாவற்றையும்விட என்னைப் பாதித்தது கீ ஹுய் குவான் கதை. 1984-ல் ஸ்பீல்பெர்க் படத்தில் சிறுவனாக நடித்து உலகமே பார்த்த முகம். வளர்ந்த பிறகு வேடங்கள் வரவில்லை. திரைப்படக் கல்லூரியில் படித்தார், சண்டைக் காட்சி அமைப்பில் உதவியாளராக இருந்தார், ஹாங்காங் இயக்குநர் வோங் கார் வாயிடம் உதவி இயக்குநராக வேலை பார்த்தார். 2022-ல் மறுபடி பெரிய வேடம், 2023-ல் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார். மேடையில் அவர் அழுததைத்தான் எல்லோரும் பகிர்ந்தார்கள். நான் திரும்பத் திரும்பப் பார்த்தது அந்தப் படத்தில் இடுப்புப் பையைச் சுழற்றி அவர் போடும் சண்டையை. ஒவ்வொரு அடியும் முடிகிற இடத்தில் உடம்பு சுத்தமாக நிற்கிறது. கேமராவுக்கு எந்தக் கோணத்தில் அடி விழுந்ததுபோலத் தெரியும் என்பதைத் தெரிந்துவைத்திருக்கிற உடம்பு அது. நடிக்காமல் இருந்த காலம் என்று நாம் சொல்கிற காலத்தில் கற்றது.

வேறு சிலருக்கு ஒரு வேலை இன்னொரு வேலைக்குச் சோறு போடும். அமெரிக்க இயக்குநரும் நடிகருமான ஆர்சன் வெல்ஸ் மற்றவர்கள் படத்தில் நடித்துக் கிடைத்த சம்பளத்தைத் தன் படங்களில் போட்டார். ஹாலிவுட் நடிகை ஐடா லுபினோ ஸ்டுடியோ கொடுத்த வேடத்தை மறுத்ததால் வேலையில்லாமல் நிறுத்திவைக்கப்பட்டார். அந்த நேரத்தில் தளத்திலும் எடிட்டிங் அறையிலும் நின்று வேலையைக் கவனித்தார். 1949-ல் இயக்கத் தொடங்கிவிட்டார்.

சரி, இதெல்லாம் போய்ச் சேர்ந்தவர்களின் கதை. தளத்தில் என்னோடு இருப்பவர்களில் பெரும்பாலோர் அப்படிப் போய்ச் சேரப்போவதில்லை; அவர்களுக்கே அது தெரியும். எனக்குத் தெரிந்த ஓர் இணை இயக்குநர் இருக்கிறார். திரைக்கதையைக் கையில் கொடுத்தால், எந்தக் காட்சியை எந்த நாளில் எடுக்கலாம், மழை வந்தால் எதை முன்னால் இழுக்கலாம், கூட்டக் காட்சியில் எத்தனை பேரை எங்கே நிறுத்தினால் கூட்டம் இரட்டிப்பாகத் தெரியும் என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். இயக்குநர்கள் அவருக்காகத் தேதியைத் தள்ளிப்போட்டுக் காத்திருக்கிறார்கள். ஆனாலும் எங்கே போனாலும் அவரிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, எப்ப படம் பண்றீங்க?" ஹாலிவுட்டில் முதல் உதவி இயக்குநர் என்பது ஆயுள் முழுக்கச் செய்யக்கூடிய தனித் தொழில். இங்கே அதை இயக்குநராகும் வரை தங்குமிடமாக மட்டுமே பார்க்கிறோம். அதனால் அந்த வேலையில் தேர்ந்தவர்கள்கூடத் தங்களைத் தோற்றவர்களாக நினைக்க வேண்டியிருக்கிறது. இது பெரிய அநியாயம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இப்போது என்னிடம் உதவிக்கு ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். டப்பிங் ஸ்டுடியோவில் சவுண்ட் பக்கம் இருந்தவள். போன வாரம் ஒரு காட்சியை அடுக்கிக் காட்டினேன். படத்தை அவள் சரியாகப் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "சார், மூணாவது டேக்ல அவங்க குரல் உடையுது. முகம் அஞ்சாவதுல நல்லா இருக்கு, ஆனா நிஜம் மூணாவதுலதான் இருக்கு" என்றாள். மூன்றாவதைப் போட்டுப் பார்த்தோம். இயக்குநர் ஒன்றும் சொல்லாமல் ஓகே என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஷாட்டுக்கு எழுந்து போனார். அவள் எடிட்டராக வருவாளா, இயக்குநராக வருவாளா, மறுபடி சவுண்டுக்கே போவாளா, எனக்குத் தெரியாது. இந்தப் படம் முடிகிற வரைக்கும் ஒவ்வொரு காட்சியையும் முதலில் அவளைக் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் வெட்டப்போகிறேன்.